எதிரி நம்பர் ஒன்

2003-ம் வருஷம், மார்ச் மாதம். மதுரையில் வெயில் அப்போதே கொளுத்த ஆரம்பித்திருந்தது. பத்திரிகை வேலையில் சேர்ந்து எனக்கு ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. படித்தது என்னவோ பி.காம். டெபிட் எது, கிரெடிட் எது என்பதைத் தவிர உலகத்தைப் பற்றி உருப்படியாக எதுவும் தெரியாது. ஆனால், பத்திரிகை ஆபீஸில் அதெல்லாம் ஒரு குறையே இல்லை. ஈராக் மீது அமெரிக்கா குண்டு போட ஆரம்பித்த அன்று சாயங்காலம் ஆசிரியர் கூப்பிட்டார். 'தம்பி, நீ இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவன்தானே? போர் மேட்டரை நீ பாத்துக்க.'

அப்படித்தான் நான் ராணுவ நிபுணன் ஆனேன்.

சிம்மக்கல் டீக்கடையில் அப்போது எல்லோருமே நிபுணர்கள்தான். 'சதாம் உள்ள வரவிட்டு அடிப்பாருண்ணே' என்பார் ஒருவர். 'பாக்தாத்துல கால வச்சான்னா திரும்பி வீட்டுக்குப் போகமாட்டான்' என்பார் இன்னொருவர். நான் இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, இங்கிலீஷ் பேப்பரில் படித்ததையும் கலந்து ஒரு முழுப் பக்கம் எழுதினேன். படம்கூட வரைந்து கொடுத்தேன். டைக்ரிஸ் நதிப் பாலங்களை சதாம் தகர்த்துவிடுவார். குடியரசுக் காவல் படை தலைநகருக்குள் பதுங்கும். தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு சண்டை. எப்படியும் ஆறு மாதம் இழுக்கும்.

இருபத்தோரு நாளில் முடிந்துவிட்டது. ஏப்ரல் 9-ம் தேதி பாக்தாத் சதுக்கத்தில் சதாம் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளியதை டி.வி.யில் பார்த்தோம். ஆசிரியர் ஒன்றும் திட்டவில்லை. 'உன் படத்துல இருந்த பாலமெல்லாம் என்னாச்சு தம்பி?' என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

பாலங்கள் அப்படியே இருந்தன. அதுதான் விஷயம். அமெரிக்க டாங்கிகள் அவற்றின் மேல் ஏறித்தான் பாக்தாத்துக்குப் போயின.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் புலம்பினேன். அப்பா ராணுவ நிபுணர் இல்லை. ஆனால், கூடப்பிறந்த அண்ணன் மேல் சிவில் கேஸ் போட்டுப் பதினைந்து வருஷமாக நடத்திக்கொண்டிருந்தவர். தமிழ்நாட்டில் சண்டையைப் பற்றி அதற்கு மேல் ஒரு படிப்பு கிடையாது. ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: 'டேய், அவன் அமெரிக்காக்காரனை எதிரியா நெனச்சிருந்தா பாலத்த உடைச்சிருப்பான். உடைக்கலேன்னா வேற எவனையோ பாத்துப் பயந்திருக்கான்.'

நான் சிரித்தேன். இப்போது சிரிக்க மாட்டேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விவரங்கள் வெளியே வந்தன. 2003 டிசம்பரில் சதாம் பிடிபட்டார். மறு வருஷம் எஃப்.பி.ஐ. அதிகாரி ஜார்ஜ் பிரோ, அரபி பேசத் தெரிந்தவர், பல மாதங்கள் அவரோடு உட்கார்ந்து பேசினார். பிடிபட்ட ஈராக் தளபதிகளிடமும் அமெரிக்க ராணுவம் விசாரித்தது. கைப்பற்றிய ஆவணங்களைப் படித்தது. 2006-ல் அதையெல்லாம் தொகுத்து ஓர் அறிக்கை வந்தது. படித்துப் பாருங்கள், அப்பா சொன்ன அந்த 'வேற எவனோ' யார் என்று தெரியும்.

சதாமின் பட்டியலில் எதிரி நம்பர் ஒன், அவருடைய சொந்த ஜனம். 1991-ல் குவைத்தில் தோற்றுத் திரும்பியபோது தெற்கே ஷியாக்களும் வடக்கே குர்துகளும் கிளம்பினார்கள். நாட்டிலிருந்த பதினெட்டு மாகாணங்களில் பதினாலு கைவிட்டுப் போயின. ரத்தம் சிந்தி மீட்டார். அந்தப் பயம் அவரை விடவே இல்லை. 2003-லும் அப்படி ஒரு கலகம் வெடித்தால் படையைத் தெற்கே அனுப்பப் பாலம் வேண்டாமா? அதனால் உடைக்கவில்லை. சரி, குடியரசுக் காவல் படையை ஏன் தலைநகருக்குள் விடவில்லை? உள்ளே விட்டால் தளபதிகள் தன்னையே கவிழ்த்துவிடுவார்கள் என்ற பயம். பக்கத்துப் படைப்பிரிவோடு பேசிக்கொள்வதற்குக்கூடத் தளபதிகள் யோசிக்க வேண்டியிருந்தது. சதி என்று சொல்லிவிட்டால்?

நம்பர் டூ, ஈரான். பேரழிவு ஆயுதம் கைவசம் இல்லை என்பதை ஊரறியச் சொல்லிவிட்டால் ஈரான் ஏறி மிதித்துவிடும் என்று நினைத்தார். பிரோவிடம் அவரே சொன்னது இது. அதனால் இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் பூடகமாகவே பேசிக்கொண்டிருந்தார். அமெரிக்காவுக்கு அதுவே சாக்கு. கடைசியில் தேடிப் பார்த்தால், ஒன்றுமே இல்லை.

அமெரிக்கா? அது மூன்றாவது இடம்தான். குண்டு போடுவான், பாக்தாத் வரைக்கும் வரமாட்டான். பிரான்ஸும் ரஷ்யாவும் அதற்குள் தடுத்துவிடும். இதுதான் அவர் போட்ட கணக்கு. 1990 ஜூலை 25-ம் தேதி, குவைத்துக்குள் புகுவதற்கு எட்டு நாள் முன்னால், அமெரிக்கத் தூதர் ஏப்ரல் கிளாஸ்பியை நேரில் அழைத்து, உங்கள் சமூகம் ஒரே சண்டையில் பத்தாயிரம் பேரைப் பலிகொடுக்கத் தாங்காது என்ற பொருளில் பேசியவர் அல்லவா? அந்த எண்ணம் பன்னிரண்டு வருஷம் கழித்தும் மாறவில்லை. (அந்த குவைத் சண்டையின்போது எங்கள் தெருக்காரர் ஒருவர் ஒரே ஒரு கைப்பையோடு ஊர் வந்து சேர்ந்தார். இந்தியா சுமார் 1,70,000 பேரை விமானத்தில் கொண்டுவந்த நேரம். அவர் அதற்குப் பிறகு விமானச் சத்தம் கேட்டாலே அண்ணாந்து பார்ப்பார்.)

இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு பகுதி வீட்டிலிருந்து. சதாமைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தவர் தாய்மாமன் கைருல்லா துல்ஃபா. பின்னாளில் மாமனாரும் ஆனார். அவர் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். பாரசீகர், யூதர், ஈ - இந்த மூன்றையும் கடவுள் படைத்திருக்கவே கூடாது என்பதுதான் அதன் தலைப்பே. பிற்பாடு அரசாங்க அச்சகமே அதை வெளியிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து யாரை வெறுக்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட பிள்ளை 1980-ல் ஈரான் மேல் படையெடுத்தது. புரட்சி நடந்து குழம்பிக் கிடக்கிற நாடு, சட்டென்று மடங்கிவிடும் என்று எண்ணம். எட்டு வருஷம் ஆயிற்று. யாரும் மடங்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் மறுபடியும் மதுரைக்குத்தான் வந்து சேர்ந்தேன். ஏனென்றால், எதிரியின் வரிசையைத் தப்பாகப் போட்டதால் ராஜ்ஜியம் போன ஆள் ஒருவர் எங்கள் ஊரிலும் இருக்கிறார். 'இருக்கிறார்' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். காளவாசலிலிருந்து தேனி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் சம்மட்டிபுரம். அங்கே இடது பக்கம் ஒரு சின்னப் பள்ளிவாசல். இப்போது காளவாசலில் மேம்பாலம் வந்துவிட்டதால் அந்தப் பக்கம் போகிறவர்கள் பறந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் சிக்னலில் நின்று புகை குடிக்கிற நேரத்தில் யாராவது கேட்பார்கள், 'இது என்ன தர்கா?' என்று.

கான்சாகிபு பள்ளிவாசல். கம்மந்தான் கான்சாகிபு என்கிற யூசுப் கான் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். உங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், மருதநாயகம். 1997-ல் இங்கிலாந்து ராணியை அழைத்துவந்து கமல் படம் தொடங்கினாரே, அதே மருதநாயகம். படம் வளரவில்லை. மனிதரின் கதைக்கே அப்படி ஒரு ராசி.

ராமநாதபுரம் சீமையில் பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர், பிறகு இஸ்லாத்தைத் தழுவினார் என்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படையில் சேர்ந்து விறுவிறுவென்று மேலே வந்தார். திருச்சி முற்றுகையின்போது வெள்ளைக்காரப் படை பட்டினி கிடக்காமல் காப்பாற்றியது இவர் ஓட்டிவந்த தானிய வண்டிகள்தான். 1754-ல் கம்பெனியின் சிப்பாய்களுக்கெல்லாம் தலைவர். கமாண்டன்ட். நம் ஜனங்கள் வாயில் அது கம்மந்தான் ஆகிவிட்டது. 1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைத்துக்கொண்டபோது, வெளியே இருந்து அவருடைய சப்ளையை அறுத்து அறுத்துத் தொல்லை கொடுத்தவர் இவர். ஒரு பக்கம் விரட்டினால் இன்னொரு பக்கம் வந்து உட்காருகிறார்கள், ஈ மாதிரி என்று லாலி அலுத்துக்கொண்டாராம். பாருங்கள், இங்கேயும் ஒரு ஈ!

மதுரையையும் திருநெல்வேலியையும் அடக்கி வரி வசூலிக்க இவரை அனுப்பினார்கள். அனுப்பிய வேலையைச் செய்ததோடு நிற்கவில்லை. நன்றாகவே ஆண்டார். மீனாட்சியம்மன் கோயிலுக்கு அற்றுப்போயிருந்த வருமானத்தைத் திரும்பக் கொடுத்தார். குளம், கால்வாய் பார்த்தார். கள்ளர் பயமில்லாமல் வழிப்போக்கர் நடமாட முடிந்தது. கோயிலுக்குப் பக்கத்திலேயே இன்றைக்கும் ஒரு தெரு இருக்கிறது, கான்சா மேட்டுத் தெரு. அது இவர் பெயர்தான். அங்கே கடை வைத்திருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டால் வருத்தமாகிவிடும்.

இனிமேல்தான் என் பி.காம். உதவிக்கு வருகிறது.

ஆற்காடு நவாப் முகமது அலிக்குக் கான்சாகிபைக் கண்டால் ஆகாது. தன் சீமையில் தன்னைவிடப் பெரிய ஆளாக ஒருவன் வளர்வதை எந்த நவாப் பொறுப்பார்? கான்சாகிபுக்கும் நவாபைக் கண்டால் ஆகாது. நான் கம்பெனி உத்தியோகஸ்தன், நவாபின் சேவகன் இல்லை என்பது அவர் கட்சி. 1761-லும் மறு வருஷமும், இன்னும் நாலு வருஷத்துக்குக் குத்தகை கொடுங்கள், வருஷம் 7 லட்சம் ரூபாய் தருகிறேன் என்று கேட்டார். கிடைக்கவில்லை. நவாபுக்குக் கட்டுப்பட்டு நட என்றுதான் பதில் வந்தது.

கான்சாகிபு பார்வையில் இது எப்படித் தெரிந்திருக்கும்? என் கணிப்பைச் சொல்கிறேன். எதிரி, நவாப். கம்பெனி? அது நம் வீடு. பத்து வருஷம் கூட நின்று சண்டை போட்டிருக்கிறோம். தங்கப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள். கூடாரத்தில் சேர்ந்து இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு என் அருமை தெரியும். நவாபா, நானா என்று வந்தால் என்னைத்தான் கம்பெனி எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் முறைத்துக் காட்டினால் வழிக்கு வருவார்கள்.

அவர் படைக்கணக்கைப் பார்த்தார். பார்க்க வேண்டியது பேரேட்டை.

கம்பெனி அத்தனை வருஷம் சண்டை போட்டது யாருக்காக? முகமது அலியை நவாப் ஆக்குவதற்காக. அந்தச் செலவெல்லாம் யார் தலையில் எழுதப்பட்டது? நவாப் தலையில். அதாவது, கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் நவாப் ஒரு பெரிய கடனாளி. அவர் நாற்காலியில் இருந்தால்தான் பாக்கி வசூலாகும். காமர்ஸ் வாத்தியார் ஒருவர் வகுப்பில் சொல்வார்: 'பேங்குல ஆயிரம் ரூபா கடன் வாங்குனா நீ பேங்கப் பாத்துப் பயப்படணும். கோடி ரூபா வாங்குனா பேங்க் உன்னப் பாத்துப் பயப்படணும்.' கான்சாகிபு கெட்டிக்கார வேலைக்காரர். வேலைக்காரரை மாற்றிக்கொள்ளலாம். கடனாளியை மாற்ற முடியாது. நவாபின் கடன் என்கிற சமாசாரம் பின்னாளில் எவ்வளவு பூதாகரமாக வளர்ந்தது என்றால், 1785-ல் எட்மண்ட் பர்க் லண்டன் பார்லிமென்டில் அதைப் பற்றி நீண்ட பிரசங்கமே செய்தார்.

ஆக, நவாபை எதிர்த்தால் கம்பெனியை எதிர்த்தமாதிரி. இது கான்சாகிபுக்கு உறைத்தபோது காலம் கடந்திருந்தது.

அப்புறம் செய்தது இன்னும் பெரிய தப்பு. 1763 தொடக்கத்தில் கம்பெனி உறவை அறுத்துக்கொண்டு பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். எதிரிக்கு எதிரி நண்பன் என்ற பழைய சூத்திரம். ஆனால், பிரெஞ்சுக்காரனிடம் அப்போது என்ன இருந்தது? புதுச்சேரியே 1761 ஜனவரியில் விழுந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. 1763 பிப்ரவரி 10-ம் தேதி பாரிஸில் இங்கிலாந்தும் பிரான்ஸும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அதில் பதினோராவது ஷரத்து என்ன சொல்கிறது தெரியுமா? கர்நாடகத்தின் சட்டபூர்வமான நவாப் முகமது அலிதான் என்று இரண்டு நாடும் ஒப்புக்கொள்கின்றன!

எந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு நவாபை எதிர்க்கக் கிளம்பினாரோ, அந்தக் கொடிக்காரனே நவாபுக்கு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டான். சேதி கப்பலில் மதுரை வந்து சேர மாதக் கணக்காகும். கொடி மட்டும் இங்கே பறந்துகொண்டிருந்தது.

சுற்றுவட்டாரத்திலாவது துணை உண்டா? அதையும் முன்பே தீர்த்துவிட்டிருந்தார். நெற்கட்டும்செவல் பூலித்தேவரை 1761-ல் முறியடித்தது இவரேதான், கம்பெனிக்காக. நத்தம் கணவாயில் ஹைதர் அலியை விரட்டியது இவரேதான், 1757-ல். திருவிதாங்கூரோடு 1762-ல் மோதினார். நவாபுக்கும் கம்பெனிக்கும் எதிராக நாளை யாரெல்லாம் தோள் கொடுத்திருக்கக் கூடுமோ, அத்தனை பேரையும் நேற்றே அடித்து அனுப்பியாயிற்று. ஹைதரிடமிருந்து உதவிப் படை வரவில்லை. எப்படி வரும்?

ஆனாலும் மனிதர் சாமானியப்பட்ட ஆள் இல்லை. சண்டை என்று வந்தபோது மதுரைக் கோட்டை நின்றது. இன்று நாம் பஸ் பிடிக்க ஓடுகிற வெளி வீதிகள்தான் அன்று கோட்டையின் ஓரம். அகழியையும் மதிலையும் 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்துத் தள்ளித் தெருவாக்கினார். அந்த வேலையைப் பார்த்த மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயரும் தெருப் பெயராக நின்றுவிட்டன. பெரியார் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கொத்தளம் மட்டும் மிச்சமிருக்கிறது. அடுத்த தடவை போகும்போது ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். 1763 மழைக்காலத்தில் கர்னல் மான்சன் இந்தக் கோட்டையைப் பிடிக்க முடியாமல் படையோடு பின்வாங்கினார். மறு வருஷம் மேஜர் கேம்ப்பெல் வந்தார். 1764 ஜூன் 26-ல் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார்கள். அடி வாங்கித் திரும்பினார்கள். மேஜர் பிரெஸ்டன் அதில் காயம்பட்டு இறந்தே போனார். இவர்களெல்லாம் கான்சாகிபோடு ஒரு காலத்தில் ஒரே பக்கம் நின்ற கம்பெனிப் படை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறிப் பிடிக்க முடியவில்லை என்றதும் வெள்ளைக்காரன் சண்டையை நிறுத்திவிட்டான். வழியை அடைத்துவிட்டு உட்கார்ந்தான். அரிசி தீர்ந்தது. பசி உள்ளே புகுந்ததும் கூடவே இன்னொன்றும் புகும்.

அக்டோபர் 13. கான்சாகிபு தொழுகையில் இருந்தார். திவான் சீனிவாச ராவ், வைத்தியர் பாபா சாகிப், பிரெஞ்சுத் தளபதி மர்ச்சாந்த் - மூவரும் கூடிப் பேசி வைத்திருந்தார்கள். அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே அவரைக் கட்டினார்கள் என்று சொல்வார்கள். இரண்டே நாள். 15-ம் தேதி சாயங்காலம் சம்மட்டிபுரத்தில் தூக்கு. உத்தரவு போட்டவர் நவாப். கயிறு இரண்டு தடவை அறுந்தது என்பதும், அவர் எழுந்து வந்துவிடுவார் என்ற பயத்தில் கை, கால், தலையை ஊர் ஊராக அனுப்பினார்கள் என்பதும் வாய்மொழிக் கதை. 'கான்சாகிபு சண்டை' என்று ஒரு கதைப்பாடலே தென்பாண்டிச் சீமையில் உண்டு. இருபது வருஷம் கழித்து ஃபுல்லார்ட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியே அவருடைய நிர்வாகத்தை மெச்சி எழுதி வைத்தார். தூக்கில் போட்ட பிறகு மெச்சுவது அவர்களுக்குக் கைவந்த கலை.

சதாமையும் கான்சாகிபையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று கோபப்படாதீர்கள். அவர் தன் ஜனத்தையே விஷவாயு வைத்துக் கொன்றவர். இவர் ஊருக்குக் குளம் வெட்டியவர். குணத்தில் ஒப்பிட ஒன்றும் கிடையாது. நான் பார்ப்பது அந்த வரிசையை மட்டும். சதாம் உள்ளே இருக்கிறவனையே பார்த்துக்கொண்டிருந்து, வாசலில் வந்தவனைக் கோட்டைவிட்டார். கான்சாகிபு வாசலில் வந்தவனை ஒரு வருஷத்துக்கு மேல் தடுத்து நிறுத்திவிட்டு, உள்ளே இருந்தவனிடம் விழுந்தார். அப்படியானால் எவனைத்தான் பார்க்க வேண்டும் என்று கேட்கிறீர்களா? எனக்குத் தெரிந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

எங்கள் வீட்டு யுத்தத்தைப் பாதியில் விட்டேன்.

வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட். பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனம், இரண்டு போகம். கூட ஒரு கிணறு. 1988-ல் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தகராறு ஆரம்பித்தது. கிணறு யார் எல்லையில் இருக்கிறது என்பதுதான் வழக்கு. அளந்தவர் யாரோ ஒரு காகிதத்தில் ஒரு எண்ணை மாற்றி எழுதிவிட்டார். பெரியப்பா காசு கொடுத்து மாற்றினார் என்றார் அப்பா. அப்பா மாற்றினார் என்றார் பெரியப்பா. முன்சீப் கோர்ட், அப்பீல், திரும்ப முன்சீப் கோர்ட். எங்கள் வீட்டில் தென்னை மரம் பட்டுப்போனால்கூட 'உங்க பெரியப்பன் வேலை' என்பார் அப்பா. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். திருவிழாவில் பெரியப்பா எதிரே வந்தால் வளையல் கடைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். எனக்கு அப்போது பத்து வயசு. வளையல் கடையில் எனக்கு என்ன வேலை?

2009-ல் தீர்ப்பு வந்தது. அப்பா ஜெயித்தார். வக்கீலுக்கும் வட்டிக்கும் போனதைக் கூட்டிப் பார்த்தால் நிலத்தின் விலையைத் தாண்டியிருந்தது. பாலன்ஸ் ஷீட் போடத் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருத்தன்தான். போட்டு வைத்துக்கொண்டேன். யாரிடமும் காட்டவில்லை.

தீர்ப்பு வந்த மூன்றாவது வாரம், ராத்திரி பத்து மணி இருக்கும், என் செல்லுக்கு ஒரு போன். பெரியப்பா மகன். இருபது வருஷத்தில் அண்ணன் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை. 'தம்பி, அப்பாவுக்கு ரொம்ப முடியல. சித்தப்பாவ ஒரு தடவ பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. கூட்டிட்டு வர்றியா?'

என் மூளை எப்படி வேலை செய்தது என்பதை அப்படியே சொல்கிறேன். மேல் அப்பீலுக்கு இன்னும் கெடு இருக்கிறது. அப்பாவைக் கூப்பிட்டு, அழுது, சமாதானம் என்று எதிலாவது கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்கள். நூல் விடுகிறார்கள். நாம் ஏமாறக் கூடாது. 'சொல்றேண்ணே' என்று சொல்லி போனை வைத்தேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. நாலாம் நாள் பெரியப்பா போய்விட்டார். ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னபோது அப்பா திண்ணையில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் போகவில்லை. இருபத்து நாலு கிலோமீட்டர்தான். என்னிடம் பைக் இருந்தது. மேல் அப்பீல் யாரும் போடவில்லை.

அப்பாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. வாரா வாரம் இந்தப் பக்கத்தை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். 'ஈராக்கைப் பத்தி எழுதப் போறேம்பா, அந்தப் பாலக் கதை' என்று போன வாரம் சொன்னேன். ஞாபகம் இருந்தது. சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, சம்பந்தமே இல்லாமல் கேட்டார்:

'ஏண்டா, உங்க பெரியப்பன் சாகக் கெடந்தப்ப எனக்கு ஆள் ஏதும் அனுப்பலைல்ல?'

காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இந்தக் கட்டுரை வியாழக்கிழமை கைக்கு வரும். சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும். எந்தப் பத்தியையும் தாண்டினால் கண்டுபிடித்துவிடுவார். காது நன்றாகத்தான் கேட்கிறது.